பைத்தான் நிரலில் 250-உம் 100-உம் கூட்டினால் 250100 வருகிறதா?

சார், 41 வயசில் பைத்தான் (கணினி நிரல் மொழி) கற்பதால்தான் இப்படி ஆகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். வயசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பைத்தான் கற்கிற எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழிதான் இது. தட்டுவதை வாங்கிக்கொள்ளும் இன்புட் (input) கட்டளை, நீங்கள் எண்ணைத் தட்டினாலும் அதை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், இரண்டு எழுத்துச் சரங்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துவிடும். எழுத்தை முழு எண்ணாக்கும் இன்ட் (int) என்று எழுதி, அதன் அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு இன்புட்டையும் வையுங்கள். 350 வரும்.

அப்புறம், பில்லில் பைசா வந்ததும் புள்ளி வைத்த எண்களுக்கான ஃப்ளோட் (float) பக்கம் போகத் தோன்றும். போகாதீர்கள். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று காட்டும், ஏனென்றால் கணினி எண்களை இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) வைக்கிறது, அதில் 0.1 துல்லியமாக அடங்காது. கடைக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு இது வயிற்றைக் கலக்கும்! எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணிலேயே கூட்டுங்கள், இல்லாவிட்டால் புள்ளி வைத்த எண்களைத் துல்லியமாகக் கணக்கிடும் டெசிமல் (decimal) மாட்யூல் பைத்தானிலேயே இருக்கிறது.

வீடியோ பார்த்தால் புரிகிறது, வெற்றுத் திரை முன்னால் கை ஓடவில்லை என்றீர்கள். மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும் (நான் ஒரு வருடம் அப்படிக் கழித்தவன்). வீடியோவை மூடிவிட்டு, உங்கள் எக்செல் விற்பனைக் கணக்கை சிஎஸ்வியாக (CSV, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, அதில் ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் கூட்ட நிரல் எழுதுங்கள். விடை உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் தப்பு வந்தால் உடனே பிடிபடும். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். சிக்கினால் நிரலை அப்படியே இங்கே ஒட்டுங்கள், போனில் படம் எடுத்துப் போடாதீர்கள்.