ஸ்ட்ரோலர் மடிந்து குழந்தையின் விரல் நசுங்கியது: கடைக்காரர் கையை விரித்தால் என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. பெயர் சூட்டும் நாளில் தாய்மாமன் சீராக என் அண்ணன் ஒரு ஸ்ட்ரோலர் வாங்கிக் கொடுத்தார். சென்னையில் ஒரு கடையில் 11,500 ரூபாய்க்கு வாங்கியது. கடைப் பையனே சக்கரம், கைப்பிடி எல்லாம் மாட்டிக் கொடுத்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் அடுக்குமாடி வாசல் சரிவில் தள்ளிக்கொண்டு போகும்போது முன் சக்கரம் ஒரு கல்லில் இடித்தது. வண்டி அப்படியே முன்பக்கமாக மடிந்துவிட்டது. குழந்தையின் மோதிர விரல் பக்கவாட்டுக் கீலில் சிக்கி, நகம் பெயர்ந்து, மூன்று தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவு 7,400 ரூபாய். கடையில் கேட்டால், பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று முத்திரை இருக்கிறதே என்கிறார்கள். கைப்பிடியில் டயப்பர் பை மாட்டியிருந்தேன் என்று சொன்னதும், அதுதான் காரணம் என்றார்கள். ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதே மாடலில் வேறு வண்டி தருகிறார்களாம். பில் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் இப்போது சிங்கப்பூரில். நான் மதுரையில். ‘பதினோராயிரத்துக்குக் கோர்ட்டா’ என்கிறார் என் கணவர். நான் வழக்குப் போட முடியுமா? இனி வண்டி வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த வண்டியைத் தொடாதீர்கள். கழுவ வேண்டாம், திருகாணியை முடுக்க வேண்டாம், ‘சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிப் பார்க்கிறோம்’ என்று கடையில் கேட்டால் கொடுக்கவும் வேண்டாம். ஒரு பழைய போர்வையில் சுற்றி, எடுத்து வைத்துவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். மகனின் சைக்கிளில் முன் ஃபோர்க் ஒடிந்து, பையனுக்கு இரண்டு பல் போயிருந்தது. ‘சைக்கிள் எங்கே?’ என்றேன். கண்ணில் படக்கூடாது என்று பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டாராம். அவர் மனது புரிந்தது. ஆனால் ஒடிந்த இடத்தைக் காட்டாமல் ஒடிந்ததற்கு யார் பொறுப்பு என்று எப்படிக் கேட்பது? உங்கள் வழக்கில் அந்த வண்டிதான் முதல் சாட்சி.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கச் சிவப்புக் கொக்கி அதன் பின்னில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. வலது பக்கத்தில் கொக்கிக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. அங்கே உள்ள ரிவெட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான் என்ஜினீயர் இல்லை. ஆனால் இந்த வழக்கு அந்த இடைவெளியில்தான் நிற்கப்போகிறது. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். குழந்தை இல்லாமல், வண்டியை விரித்துப் பூட்டும்போது வலது கொக்கி ‘க்ளிக்’ என்று விழுகிறதா இல்லையா என்பதை ஒரே ஒரு முறை வீடியோவாகவும் எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி மடித்துப் பார்க்க வேண்டாம்.

அப்புறம், வாசலில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே செக்ரட்டரியிடம் கேளுங்கள். பல இடங்களில் இரண்டு மூன்று வாரத்திலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். நாளைக்குத் தள்ள வேண்டாம்.

சரி, முத்திரைக்கு வருவோம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் சட்டம் மாறிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை ‘நேர்மையற்ற வணிக நடவடிக்கை’ என்ற பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது. அதற்காகக் கலங்க வேண்டாம். 30 நாள் என்பது இந்த ஒரு காரணத்துக்கு மட்டும்தான். பொருளில் குறைபாடு என்ற புகாரை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். சட்டத்தின் 69வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

பில் அண்ணன் பெயரில் இருப்பது தடையே இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் ‘நுகர்வோர்’தான். தாய்மாமன் வாங்கிக் கொடுத்த வண்டியில் போகிற உங்கள் மகளும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர். மைனர் என்பதால் அவளுக்காகத் தாயாகிய நீங்கள் புகார் கொடுக்கலாம் என்பதையும் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. ‘இந்த வண்டியை என் தங்கை மகளுக்காக வாங்கினேன்’ என்று அண்ணனிடம் ஒரு கடிதமும், அவர் பணம் செலுத்திய விவரமும் வாங்கி வையுங்கள். முடிந்தால் அவரையும் ஒரு புகார்தாரராகச் சேர்த்துவிடுவது நல்லது. பணம் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் வீண் கேள்வி எழாது.

கடை சென்னையில், நீங்கள் மதுரையில். பரவாயில்லை. பழைய 1986 சட்டத்தில் இது ஒரு தலைவலியாக இருந்தது. 2019 சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க வழி செய்துவிட்டது. மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

இனி யார் மேல் என்பது. பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை, எந்த நாட்டில் செய்தது, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வண்டி வெளிநாட்டில் செய்ததாக இருந்தாலும், இங்கே ஒரு கம்பெனி தன் பிராண்டுப் பெயரை ஒட்டி விற்றால், சட்டப்படி அந்தக் கம்பெனியே ‘உற்பத்தியாளர்’. ‘நாங்கள் செய்யவில்லை, வாங்கி விற்கிறோம்’ என்று அவர்கள் நழுவ முடியாது. உற்பத்தியிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், சரியான எச்சரிக்கை கொடுக்காவிட்டாலும் 84வது பிரிவு அவர்களைப் பிடிக்கும்.

கடைக்காரர் விஷயம் கொஞ்சம் வேறு. வெறுமனே விற்றதற்காக எல்லாக் காயத்துக்கும் அவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் 86வது பிரிவில் ஒரு வாசகம் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது: பொருளை அசெம்பிள் செய்வதிலோ பரிசோதிப்பதிலோ தேவையான கவனம் காட்டாமல், அதனால் தீங்கு நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பு. உற்பத்தியாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டாலும் அப்படித்தான். கடைப் பையன் மாட்டிக் கொடுத்தான் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி முக்கியமானது. யார் மாட்டினார், எந்த மேசையில், விளக்கப் புத்தகத்தைப் பிரித்தாரா, பூட்டைச் சரிபார்த்துக் காட்டினாரா என்பதை அண்ணனிடம் கேட்டு, மறப்பதற்குள் எழுதி வாங்குங்கள். கடை, பிராண்டுக் கம்பெனி இரண்டு பேரையும் எதிர்தரப்பினராகச் சேர்க்க வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவார்கள். ஆணையத்தின் முன்னாலேயே காட்டிக்கொள்ளட்டும்.

டயப்பர் பை. இதை மறைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்பவர் மேல் வழக்கு நிற்காது என்று 87வது பிரிவு சொல்கிறது; கடை அதைத்தான் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது. ஆனால் நடந்ததை யோசியுங்கள். கைப்பிடியில் கனம் கூடினால் வண்டி பின்பக்கமாகச் சாயும். உங்கள் வண்டி சாயவில்லை, முன்பக்கமாக மடிந்தது. சாய்வது எடையால், மடிவது பூட்டால். பையில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். நான்கு டயப்பர், ஒரு துண்டு, ஒரு பால் பாட்டில் என்றால், அந்தக் கனத்துக்கே பூட்டு விட்டுப்போகும் வண்டியைக் குழந்தைக்கு விற்கலாமா என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கீலில் விரல் சிக்குவது இந்தத் தொழிலில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. அமெரிக்காவில் 2009 நவம்பரில் மக்லாரன் கம்பெனியின் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மடியும் கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் புகார் வந்திருந்தது. கீலை மூடும் உறையை இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் கீலைத் திறந்தபடி விட்டு ஒரு வண்டியைச் செய்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்பது எடுபடக் கூடாது.

கையெழுத்து கேட்கிறார்களே, அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அதில் இருக்கும் என்றே நினைக்கிறேன். போடாதீர்கள். தவிர, விரலை நசுக்கிய அதே மாடலையா மறுபடி வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள்?

செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. ஆஸ்பத்திரியில் சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. காயம் எப்படி ஏற்பட்டது என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். ‘கீழே விழுந்ததால்’ என்று அவசரத்தில் எழுதியிருந்தால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். அடுத்து 15 நாள் அவகாசம் கொடுத்து, இரண்டு பேருக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். சட்டப்படி நோட்டீஸ் கட்டாயம் இல்லை. ஆனாலும் அனுப்புங்கள்; பாதி வழக்குகள் அங்கேயே இறங்கிவரும். நுகர்வோர் உதவி எண் 1915லும் ஒரு புகார் பதிந்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலே 15 நாள் வரை நீட்டலாம், அதற்கு மேல் இல்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பரிசோதனை தேவையில்லை என்றால் மூன்று மாதம், வண்டியை ஆய்வுக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்பது சட்டம் சொல்லும் காலம். நடைமுறையில் கூடுதலாக ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டியது: வண்டி விலை வட்டியுடன், ஆஸ்பத்திரிச் செலவு, குழந்தையின் வலிக்கும் உங்கள் மன வேதனைக்கும் நஷ்டஈடு, வழக்குச் செலவு. தொகையை மனதாரச் சரி என்று படும் அளவில் கேளுங்கள். இருபது லட்சம் என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே புகாரின் கனம் குறைந்துவிடும்.

‘பதினோராயிரத்துக்குக் கோர்ட்டா’ என்ற உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆபத்தான பொருளை விற்பனைக்கு வைக்கக் கூடாது என்றும், சந்தையிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லி உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தனியாகவும் எழுதலாம். விசாரித்துப் பொருளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் மத்திய ஆணையத்துக்கு உண்டு. உங்கள் மகளின் விரல் ஆறிவிடும். இன்று மாலை அந்தக் கடையில் அதே மாடலை இன்னொரு தாய்மாமன் விலை கேட்டுக்கொண்டு நிற்கலாம்.

அடுத்த வண்டி பற்றிக் கேட்டீர்கள். ஐந்து மாதக் குழந்தை, இன்னும் தானாக உட்காரவில்லை என்றால், இருக்கை முழுவதும் படுக்கையாகச் சாய்கிற வண்டியே வேண்டும். குடை போல மடியும் லேசான வண்டி, தலை நின்று நன்றாக உட்கார ஆரம்பித்த பிறகு. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவே ஒன்று என்று ஐந்து முனை பெல்ட் இருக்கிறதா பாருங்கள். பூட்டு இரட்டையாக இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் மற்றொன்று பிடிக்க வேண்டும். கடையிலேயே விரித்துப் பூட்டி, கைப்பிடியை அழுத்தி, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கீலின் மேல் உறை இருக்கிறதா என்று உங்கள் விரலாலேயே தடவிப் பாருங்கள். ‘ஐஎஸ்ஐ இருக்கு மேடம்’ என்று சொன்னால் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயமானது விளையாட்டுப் பொருட்களுக்கு. வண்டியோடு வரும் கிலுகிலுப்பையில் இருக்கும் முத்திரை வண்டிக்கு ஆகாது. இறக்குமதி வண்டிகளில் ஈஎன் 1888 என்ற ஐரோப்பியத் தரக் குறிப்பைத் தேடுங்கள்.

பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். கடையில் மாட்டிக் கொடுத்தால் ‘கடையில் பொருத்தப்பட்டது’ என்றும் அதிலேயே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது சீராக வாங்கித் தந்தாலும் அந்தப் பில்லின் படம் உங்கள் போனில் இருக்கட்டும்.