மங்கிப்போன ஜால்ரா

கேள்வி: 1980களில் ரேடியோவில் நேரலையாக வந்த நாட்டுப்புறக் கலைநிகழ்ச்சியைத் தாத்தா கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். இப்போது உறுமிதான் கேட்கிறது, ஜால்ராவே இல்லை. நாடா போய்விட்டதா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ஹெட்டில் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதி) அழுக்கு படிந்தாலும், பதிவான டெக்கின் (கேசட் கருவியின்) ஹெட் சாய்வுக்கும் உங்களுடையதற்கும் பொருந்தாவிட்டாலும் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலியான ஜால்ராதான்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். பிறகு ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவை, மோனோவில் (இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி) கேட்டபடி, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஜால்ரா பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) இல்லாமல் பதிந்ததென்றால் டால்பியை அணைத்துவிடுங்கள். போட்டிருந்தால் அதுவும் ஜால்ராவை அமுக்கும்.

கணினியில் பதிவு செய்யும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். உறுமியின் உச்ச அடி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. அறிவிப்பாளர் பேச்சையும் கைதட்டலையும் வெட்டாதீர்கள், நேரலையின் உயிரே அதுதான்.