வேதிப்பொருள் இல்லாமல், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் பூ, புல், ஏலக்காய் போன்றவற்றின் மணத்தைப் பிரித்தெடுத்து நீண்ட நாள் வைத்திருப்பது எப்படி?

எனக்குக் கைவந்தது எலுமிச்சைப் புல்லில் வடிக்கும் புல்தைலம் ஒன்றுதான். மறையூரில், அதாவது மூணாறிலிருந்து உடுமலைக்கு இறங்கும் வழியில் கேரளத்துக்குள் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் எங்கள் ஊரில், சித்தப்பாவின் வாற்றுக் கொட்டகையில் ஏழெட்டு வருடம் நின்றிருக்கிறேன். காய்ச்சி வடிப்பதை இந்தப் பக்கம் வாற்றுவது என்பார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சாராயம் என்று நினைத்து ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆவியில் வடித்தால் ரசாயனம் சேராது, அதனால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அடுப்பில் எரிவது என்ன என்று யாரும் கேட்பதில்லை. 100 கிலோ பச்சைப் புல்லுக்கு 300 கிராம் தைலம் இறங்கினால் நல்ல நாள். அந்த 300 கிராமுக்கு இரண்டு மூன்று மணி நேரம் அண்டா கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனையும் காட்டு விறகு என்றால் பாட்டிலில் 'இயற்கை' என்று ஒட்டுவதற்குக் கொஞ்சம் கூச வேண்டும்.

எங்களுக்கு இதில் வழி காட்டியது பக்கத்து வெல்ல ஆலைதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லம் கரும்புச் சக்கையை எரித்தே காய்ச்சப்படுகிறது. அதைப் பார்த்துத்தான் சித்தப்பா வடித்து முடிந்த புல்லை வெயிலில் பரப்ப ஆரம்பித்தார். மறையூர் மழை மறைவுப் பகுதி, சீக்கிரம் காய்ந்துவிடும். நேற்றைய புல் இன்றைய அடுப்புக்கு. விறகு பற்றவைக்க மட்டும்தான். அறுத்த புல்லையும் உடனே போடாமல் ஒரு நாள் நிழலில் வாடவிடுவோம். வாடினால் ஒரே அண்டாவில் கூடுதலாக அடங்கும், எரிக்கும் தடவை குறையும்.

அண்டாவுக்குள் தண்ணீர் அடியில், அதற்கு மேல் ஒரு சல்லடைத் தட்டு, தட்டின் மேல் புல். இந்தத் தட்டை லேசாக நினைக்காதீர்கள். நான் தனியாக வாற்றிய முதல் நாள், தட்டின் ஒரு கால் வளைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பாதியில் புல் சரிந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. கொட்டகை வாசலில் காலெடுத்து வைக்கும்போதே சித்தப்பா, "டேய், அடி பிடிச்சிருச்சு, மூக்கு இல்லையா உனக்கு?" என்றார். அன்றைய தைலத்தில் எலுமிச்சை மணத்துக்குப் பின்னால் கருகிய பால் வாடை மாதிரி ஒன்று. வாங்க வந்தவர் விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு பாட்டிலை மூடிக் கொடுத்துவிட்டார்.

ஆவி, தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியே போய்க் குளிர்ந்து இறங்கும். தைலம் மேலே மிதக்கும், கீழே மணத்தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் கரைந்த தைலம் கொஞ்சம் இருக்கும், அடுத்த அண்டாவுக்கு அதையே ஊற்றலாம். தண்ணீரும் மிச்சம்.

சரி, எடுத்தாயிற்று. பாதுகாப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள், நானும்தான். புல்தைலத்தில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால், அந்த எலுமிச்சை மணத்தைத் தருவது அதுதான். காற்று, வெளிச்சம், சூடு மூன்றுமே அதற்கு ஆகாது. ஒரு தடவை வீட்டில் கிடந்த பிளாஸ்டிக் கேனில் ஊற்றி வைத்தேன். இரண்டு மாதத்தில் கேன் இளகி, தைலத்தில் பிளாஸ்டிக் நெடி. இப்போது அலுமினிய டின் அல்லது பழுப்புக் கண்ணாடி பாட்டில்தான், அதுவும் கழுத்து வரை நிரப்பி. பாதி பாட்டில் என்றால் மீதிப் பாதி காற்று. ஊற்றுவதற்கு முன் ஈரம் போக வேண்டும். இரண்டு நாள் தெளியவிட்டு மேலாக இறுத்து, கலங்கல் இருந்தால் ஈரத்தை உறிஞ்சும் உப்பான நீரற்ற சோடியம் சல்பேட் கொஞ்சம் போட்டு, அந்த உப்பையும் வடிகட்டிவிடுவோம்.

மல்லிகைக்கு இந்த வித்தை பலிக்காது, ஆவிச் சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். ஆலைகள் ஹெக்ஸேனில் ஊறவைத்து எடுக்கின்றன. அது பெட்ரோலியச் சரக்கு. ரசாயனம் வேண்டாம் என்றால் பழைய எள் முறைதான் எனக்குப் பிடித்தது. மல்லிகை பறித்த பிறகும் மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் பூ. மாலையில் விரியப்போகும் மொட்டையும் எள்ளையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மறுநாள் வாடிய பூவைச் சலித்துவிட்டுப் புதுப் பூ போட வேண்டும். இப்படிச் சில நாள் செய்துவிட்டு எள்ளைச் செக்கில் ஆட்டினால் மல்லிகை எண்ணெய். அடுப்பே வேண்டாம். பூ ஈரமாக இருந்தால் எள் பூஞ்சை பிடிக்கும், அது ஒன்றுதான் பயம்.

ஏலக்காய்க்கு வீட்டில் எதையும் பிரித்தெடுக்க வேண்டாம். விதையை உடைத்து வைத்தால் மணம் பறந்துவிடும், தோலோடு காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்து, வேண்டும்போது உரியுங்கள்.

கரியமில வாயு முறை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 31 டிகிரிக்கு மேல், சுமார் 74 பார் அழுத்தத்தைத் தாண்டினால் அந்த வாயு பாதித் திரவம் போல ஆகி மணத்தைக் கரைத்து எடுக்கும். அழுத்தத்தை இறக்கினால் வாயு பிரிந்துவிடும், மிச்சம் தங்காது, அதையே திரும்பப் பயன்படுத்தலாம். கொச்சிப் பக்கம் மசாலாச் சாறு எடுக்கும் ஆலைகளில் உண்டு. அப்படி எடுத்த இஞ்சிச் சாறு, அப்போதுதான் தோல் சீவின இஞ்சி போலவே மணக்கும். ஆனால் முதலீடு கோடிக்கணக்கில், நமக்கு வேடிக்கை பார்க்கத்தான்.

சந்தனம் பற்றி யாரும் கேட்டுவிடாதீர்கள். ஊர் பெயரைச் சொன்னதுமே அந்தக் கேள்வி வரும். தைலம் இருப்பது மரத்தின் நடுவில் இறுகிய வைரத்திலும் வேரிலும், மரத்தையே சாய்க்க வேண்டும். எங்கள் ஊர் சந்தனக் காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது, இருக்கட்டும்.

புல் நடுகிற எண்ணம் இருந்தால், எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான 'சுகந்தி' ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். நட்டு மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் 50, 60 நாளுக்கு ஒரு தடவை. அறுக்கும்போது கை முழுக்கக் கீறும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள்.