கமக்காரர் அமைப்பின் காணிக் கோவைகளைப் பெயர்வரிசையில் அடுக்குவதா, இலக்கவரிசையிலா?

கிளிநொச்சியில் ஏறத்தாழ 400 கோவை வைத்திருக்கும் அமைப்புக்கு இலக்கவரிசைதான் சரி. பெயரை நம்பவே வேண்டாம். ஒரே ஊரில் நாலு சிவலிங்கம் இருப்பார்கள். தலைப்பெழுத்து ஒரு கடிதத்தில் இருக்கும், மற்றதில் இராது. காணியும் தகப்பனிடமிருந்து மகளுக்குப் போகும், துண்டு இலக்கம் அப்படியே நிற்கும்.

ஆகவே கோவையின் முதுகில் வாய்க்கால், கிளை, துண்டு என்று எழுதுங்கள்: இட/3/27, அதாவது இடது வாய்க்கால், 3ஆம் கிளை, 27ஆம் துண்டு. பெயரால் தேட ஒரு தனிக் கொப்பி போதும். அதில் அடையாள அட்டை இலக்கத்தையும் சேருங்கள். ஒரே ஆளுக்குப் பழைய 9 இலக்க அட்டையும் புதிய 12 இலக்க அட்டையும் இருக்கலாம். இரண்டையும் ஒரே வரியில் குறிக்காவிட்டால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

கோவை தொலைவது பெரும்பாலும் எடுத்த இடத்தில் ஒன்றும் வைக்காததால்தான். எடுத்தவர் பெயரும் திகதியும் எழுதிய மட்டையை அந்த இடைவெளியில் செருகுங்கள், கோவை திரும்பியதும் எடுங்கள்.

குண்டூசி வேண்டாம். மாரி ஈரத்தில் துருப்பிடித்து, அனுமதிப்பத்திரத்தின் மூலையை மண்ணிறமாக அரித்துவிடும். துளையிட்டு நூலால் கட்டுங்கள். றாக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் ஏறினால் மண்கோடு கண்ணில் படும்.