பழைய புல்லட்டும் வீட்டுப் பட்டறையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தாத்தா ஓட்டிய 1978 மாடல் புல்லட் 350 பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பின்பக்கச் சேஸியை வெட்டி, ஒற்றை சீட் வைத்து பாபர் ஸ்டைலில் மாற்ற ஆசை. வீட்டிலேயே செய்ய முடியுமா, எங்கே ஆரம்பிப்பது? (வாசகர், திண்டுக்கல்)

வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஆனால் இரும்பு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள். நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: கழற்றி மாட்டக்கூடிய எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், வெட்டினால் மட்டுமே முடியும் என்கிற வேலையை விட்டுவிடுங்கள். பாபர் செய்கிறேன் என்று கிளம்புகிற பலரும் பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டி, தெருமுனை வெல்டிங் கடையில் ஒரு வளையத்தை ஒட்டி வாங்கிவிடுகிறார்கள். ஓட்டுபவரின் எடையும் ரோட்டுப் பள்ளத்தின் அடியும் வந்து சேர்வது அந்த இடத்தில்தான், அங்கே ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு வெட்ட வேண்டிய தேவையே இல்லை. புல்லட்டில் ஒரு காலத்தில் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்தான் இருந்தது, அந்த வகை சீட் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. மட்கார்டைக் கழற்றிப் பத்திரமாகச் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு, சின்னதாக வேறொன்றை அதே போல்ட் ஓட்டைகளில் மாட்டுங்கள். ஹேண்டில் பார், ஹெட்லைட், டயர் கவர் எல்லாம் அப்படித்தான். நாளைக்கு உங்கள் பிள்ளை வந்து 'தாத்தா வைத்திருந்த மாதிரியே வேண்டும்' என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திருப்பிவிடலாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அழகு வேலையில் அல்ல, எஞ்சினில். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டு உருவாக்கிய இந்த 346 சிசி எஞ்சினை, அந்தக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வார்ப்பிரும்பு சிலிண்டர். பொறுமையான எஞ்சின், ஆனால் பல வருடம் நின்ற பிறகு நேராகப் போய்க் கிக்கரை மிதித்தால் கெடுத்துவிடுவீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மறுபடி ஊற்றி மறுபடி காத்திருக்க வேண்டும், சுத்தியல் எடுக்கக் கூடாது.

அசைந்துவிட்டதா? உடனே ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவதில்லை, எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே ஒரு அறையாக இருக்கிறது. நின்ற காலத்தில் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பம்பைத் தாண்டி கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும், அதைக் கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டுகளைக் கழற்றி வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே தெரு முழுக்கப் புகை.

எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் இரண்டு விஷயம். ஒன்று, பழைய புல்லட்டின் போல்ட்டுகள் பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறைய உட்காரும், அதனால்தான் ஆபத்து, அழுத்தித் திருப்பினால் தலை உருண்டையாகிவிடும். அந்த பிரிட்டிஷ் அளவுக்கான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்றைத் தேடி வாங்கிவிடுங்கள். இரண்டு, புது பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் லேத்தில் சிலிண்டரை அதற்கேற்பக் கடைந்து பெரிதாக்க (போர் போட) சொல்ல வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் ஓவர்சைஸ் (பெரிதாக்கிய பிஸ்டன்) அளவு ஒன்றுதான் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி துளி வித்தியாசம் இருக்கும், அந்தத் துளியில்தான் எஞ்சின் ஜாம் ஆவதும் ஆகாததும் இருக்கிறது. கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இந்த மாடலில் பிக் எண்டில் (ராடு கிராங்கோடு சேரும் கீழ்முனையில்) ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். மேல்-கீழ் ஆட்டம் கையில் தெரிந்தால் கிராங்க் முழுவதையும் நல்ல லேத்காரரிடம் கொடுத்தாக வேண்டும், அதை மட்டும் வீட்டில் செய்ய நினைக்காதீர்கள்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். அந்தக் கால லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கேள்வி: அப்பாவின் யெஸ்டி. அப்பா இல்லை. ஆர்.சி. அவர் பெயரில்தான் இருக்கிறது, காலாவதியும் ஆகிவிட்டது. வண்டியைச் சீரமைத்துவிட்டுப் பேப்பர் வேலை பார்க்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பேப்பரை முதலில் பாருங்கள் அம்மா, தயவுசெய்து. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டால் அதற்கான தொகையைக் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கேட்பார்கள். பதிவு முதலில் 15 வருடம், அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. அதற்குப் படிவம் 25.

புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். சேஸி எண்ணின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள். அதனால் பெயிண்டுக்கோ பவுடர் கோட்டிங்குக்கோ ஃபிரேமை அனுப்பும்போது அந்த எண்ணின் மேல் டேப் ஒட்டி அனுப்புங்கள், பழைய பெயிண்டை எடுக்க அடிக்கும் மணல் வீச்சில் எண் மழுங்கிவிட்டால் பெரிய அலைச்சல். யெஸ்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டாலும் யெஸ்டிக்கு ஸ்பேர் கிடைக்கிறது. டூ ஸ்ட்ரோக் என்பதால் வால்வு வேலையும் இல்லை. கியரும் கிக்கரும் ஒரே லிவர் என்பது முதலில் விநோதமாக இருக்கும், பழகிவிடும்.

கேள்வி: என்னுடைய புல்லட் 1968 மாடல். விண்டேஜ் 'விஏ' நம்பர் வாங்கி, கஃபே ரேசராக (தாழ்ந்த ஹேண்டில் வைத்த ரேஸ் தோற்றத்துக்கு) மாற்ற நினைக்கிறேன். (வாசகர், கோவை)

இரண்டில் ஒன்றுதான் முடியும். 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் அந்த நம்பர். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, இப்படிச் சிலவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம்.

சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டு மாற்றலாமா என்றால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே நிற்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் ஃபிரேம், எஞ்சின், இருக்கை எண்ணிக்கை பக்கம் போகும் முன் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள், திண்டுக்கல் வாசகரும் இதைக் கவனிக்கவும். நிறம் மாற்றினால் அதையும் பதிந்துகொள்வது நல்லது. சைலன்சரில் வெறும் குழாயை மட்டும் வைத்துக்கொண்டு காதைக் கிழிப்பது எனக்கு அறவே பிடிக்காது, அதற்குத் தனி அபராதமும் உண்டு. 1968 வண்டி மாறாமல் உங்கள் கையில் இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றிப் பார்க்க வேறு வண்டி கிடைக்கும்.

கேள்வி: டேங்க் உள்ளே முழுக்கத் துரு. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கவா? (வாசகர், விருதுநகர்)

ஓட்டை விழவில்லை என்றால் வேண்டாம். பழைய தகட்டின் கனம் இப்போது கடையில் வரும் டேங்குகள் பலவற்றில் இல்லை. பெட்ரோலைத் திறந்து மூடும் காக் வால்வைக் கழற்றி, அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, வினிகரை நிறைய ஊற்றி ஒன்றிரண்டு நாள் விடுங்கள், கூடவே ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். வடித்த பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றி விடுங்கள். உலர்த்தத் தாமதமானால் அன்றைக்கே மறுபடி துரு பூக்கும். பெட்ரோல் இருந்த டேங்க்கை மட்டும் கழுவினேன் என்று சொல்லி வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். அதற்கென்றே பழகியவர்களிடம் கொடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ட்யூபையும் கார்புரேட்டர் வாஷர்களையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் ட்யூபாக மாற்றுங்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

டேங்கின் தங்கக் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டாமல் கையால் இழுப்பவரைத் தேடிப் பாருங்கள். சென்னைத் தொழிற்சாலையில் தூரிகை பிடித்து வரைந்த கோடு அது.

கேள்வி: பவுடர் கோட்டிங் முடித்து எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஹாரன் முனகுகிறது, லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறது. வயரிங் முழுவதும் புதிது. (வாசகர், சேலம்)

வயரில் தப்பு இருக்காது, எர்த்தைப் பாருங்கள். பவுடர் கோட்டிங் கரண்ட்டைக் கடத்தாது. ஃபிரேம் வழியாகத் திரும்ப வேண்டிய கரண்ட்டுக்கு வழி இல்லாமல் போய்விட்டது. பேட்டரி எர்த் வயர் பிடிக்கும் இடத்திலும், எஞ்சின் ஃபிரேமோடு சேரும் ஒரு போல்ட்டிலும், கோட்டிங்கை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்குங்கள். ஹெட்லைட்டுக்கு ஃபிரேமை நம்பாமல் தனி எர்த் வயர் ஒன்று பேட்டரி வரை இழுத்துவிடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள்.

கேள்வி: புல்லட்டில் வலது கியர், இடது பிரேக். மகள் ஓட்ட ஆசைப்படுகிறாள். கியரை இடதுபக்கம் மாற்றிவிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

மாற்றலாம், ஆனால் கூடுதல் லிங்க் கம்பி வைத்து மாற்றினால் கியர் விழும் சுத்தம் போய்விடும். அப்படியே விடுங்கள். காலியான மைதானத்தில் முதலில் பிரேக்கை மட்டும் பழக்குங்கள், ஏனென்றால் அவசரத்தில் வலது கால்தான் பழக்கத்தில் போகும், அங்கே கியர் இருக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அது கைவந்த பிறகு ரோட்டுக்கு அனுப்புங்கள்.