ஸ்டீமிட்டில் அழித்த எண் ஹைவில் தெரிவது ஏன்?

முழுமையாக நீக்க முடியாது; கண்ணில் படாதபடி செய்யலாம்.

2018இல் ஸ்டீமிட் என்ற வலைப்பதிவுத் தளத்தில் இட்ட பதிவிலிருந்து வீட்டு முகவரியையும் கைபேசி எண்ணையும் போன மாதம் எடுத்துவிட்டதாகவும், ஹைவில் அவை அப்படியே தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீமிட் இயங்குவது ஸ்டீம் என்ற பிளாக்செயினில், அதாவது பதிவுகளை பிளாக் எனும் தொகுதிகளாகக் கோத்து வைக்கும் சங்கிலியில். 2020 மார்ச் 20 அன்று ஸ்டீமிலிருந்து ஹைவ் என்ற தனிச் சங்கிலி பிரிந்தபோது பழைய பதிவுகளும் அங்கே போயின. அதற்குப் பிறகு ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதற்குப் போகாது. பெரும்பாலும் காரணம் இதுதான்.

பதிவின் முகவரியில் தளத்தின் பெயரை மட்டும் hive.blog என்று மாற்றித் திறந்து பாருங்கள். பிரிவுக்குப் பின் பதிவுச் சாவியை (பதிவிடவும் திருத்தவும் கடவுச்சொல் போலப் பயன்படுவது) மாற்றவில்லையென்றால், பழைய சாவியே அங்கும் செல்லும். உள்ளே போய் வரிகளை நீக்கிச் சேமியுங்கள். நீக்கும் பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்: மறுமொழியோ ஆதரவு வாக்கோ இருக்கும் பதிவைச் சங்கிலி நீக்க விடாது.

படத்தில் எண் இருந்தால் கொஞ்சம் நல்ல செய்தி. சங்கிலியில் இருப்பது படத்தின் இணைப்பு மட்டுமே. கோப்பு வேறொரு சர்வரில் இருக்கிறது. அதை நடத்துபவர்களிடம் நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் திருத்தம் என்பது பழைய பிளாக்கின் மேல் எழுதுவதல்ல, புதிய பிளாக்கில் சேர்வது. பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (சங்கிலியில் பதிவானதைக் காட்டும் தளம்) உங்கள் கணக்கின் வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளினால் முதல் வடிவம் எண்ணோடு நிற்கும். வீட்டு முகவரியை மாற்ற முடியாது. கைபேசி எண்ணையாவது மாற்றிவிடுங்கள்.