ஐந்து மருந்துக்காகக் காணியை விற்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கழுத்தில் நெறி கட்டியதைப் பரிசோதித்து, பெரிய பி-செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். நான்கு மாதத்தில் கட்டி திரும்பிவிட்டது. அமெரிக்காவில் ஐந்து மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்களாம். காணியை விற்றாவது வாங்குவோம் என்கிறார் கனடாவிலுள்ள சித்தப்பா. வாங்கலாமா?
– மகள், சாவகச்சேரி

பதில்: காணி உறுதி இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும், பிள்ளை.

சித்தப்பா சொல்வது கட்டுக்கதை இல்லை. வெனெட்டோகிளாக்ஸ், இப்ருட்டினிப், லெனலிடோமைட், ஒபினுட்டுசுமாப், பிரெட்னிசோன் ஆகிய ஐந்தையும் சேர்த்துக் கொடுத்த 'விபோர்' ஆய்வு 2024இல் வெளியானது. வேலியில் ஒரு பொட்டை (ஓட்டையை) அடைத்தால் ஆடு அடுத்த பொட்டால் நுழையும் அல்லவா? புற்றணுவும் அப்படித்தான். அதனால் எல்லாப் பொட்டையும் ஒரே நேரத்தில் அடைத்துப் பார்த்தார்கள். அப்பாவுக்கு ஏற்றியதும் அநேகமாக ஐந்து மருந்துக் கூட்டுத்தான், ஆனால் அவை வேறு ஐந்து. 

விபோர் ஆய்வில் சேர்ந்தவர்கள் 50 பேர் மட்டுமே. பாதிப்பேருக்குச் சற்று மேல் கட்டி சுருங்கியது. 38 சதவீதத்தினருக்கு முற்றாக மறைந்தது. ஆனால் முற்றாக மறைந்தது இந்நோயின் குறிப்பிட்ட இரண்டு உள்வகைகளில்தான். அப்பாவுடையது அவற்றில் ஒன்றா? அது தெரியாமல் காணியை விற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு வெட்டுவது போல. திரும்பிய கட்டியிலிருந்து மறுபடி சதைத்துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்தை வாங்கி வீட்டில் விழுங்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். புற்றணுக்கள் மொத்தமாகச் சாகும்போது பொட்டாசியமும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். வெனெட்டோகிளாக்ஸைச் சிறிய அளவில் தொடங்கி, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவது அதனால்தான். விபோரில் இரண்டு வாரம் கொடுத்து, ஒரு வாரம் ஓய்வும் விட்டார்கள். முறையான ஆய்வுகளில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை; யாராவது கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ அப்பாவைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: வேறு மருந்துக் கூட்டால் கட்டியைச் சுருக்கி, அப்பாவின் சொந்தக் குருத்தணுக்களையே (இரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை) திருப்பி ஏற்ற அவர் உடம்பு தாங்குமா? பழைய வழிதான், ஆனாலும் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். மருந்தேற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டு விடியும்வரை காத்திராமல் அந்த இரவே வார்டுக்குக் கொண்டுபோங்கள்.